கனகசெட்டிக்குளத்தில் ஒரு மணல்மேடு

சேலத்திலிருந்து புதுச்சேரிக்கு நேர்ப் பேருந்து உண்டு என்று சொல்வார்கள். உண்டுதான், நாம் போகிற நேரத்தில் இருக்காது. 2008 ஜனவரியில், பொங்கல் விடுமுறைக் கூட்டம் வடிந்த ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டி மாறி, புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கால் வைத்தபோது பிற்பகல் ஒன்று. ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து எண்பத்திரண்டு ரூபாய்.

போனது ஊர் பார்க்க அல்ல. கல்லூரித் தோழி ரெஜினா வீடு கட்டப் போகிறாள், வியாழக்கிழமை அடிக்கல் வைக்கிறார்கள், வராவிட்டால் பேச்சு வார்த்தை கிடையாது என்று போனில் மிரட்டியிருந்தாள். ரெஜினா அரசுப் பள்ளி ஆசிரியை, தனியாள். லாஸ்பேட்டையில் அரசு குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். மே மாதம் ஓய்வு பெறுகிறாள். பணி முடிந்தால் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். சொந்தமாக இருப்பது அப்பா விட்டுப்போன ஒரே ஒரு சவுக்குத் தோப்பு, வடக்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கனகசெட்டிக்குளத்தில், கடலோரம்.

ஆட்டோக்காரரிடம் மீட்டர் போடுவீர்களா என்று கேட்டேன்.

"மீட்டரா? அது வண்டி வாங்கும்போதே கூட வந்ததுக்கா. அப்பிடியே கெடக்குது. நாப்பது ரூபா குடுங்க, வாசல்லயே எறக்கி வுட்டுடறேன்."

சொன்னபடி வாசலிலேயே இறக்கிவிட்டார்.

ரெஜினா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. போர்வை சுற்றிய கருங்கல் பலகை ஒன்று படுத்திருந்தது. மேலே ரெஜினாவின் பெயர், கீழே 24-1-2008 என்ற தேதி, இரண்டும் பொன்னிற எழுத்தில். செய்யச் சொன்னவர் அவளுடைய அண்ணன் அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்பார்கள். பாரீஸ் பக்கத்தில் குடும்பம். தங்கைக்குக் கல் வைத்துக் கொடுப்பதற்கென்றே வந்திருந்தார். வியாழன் இரவு அவருக்கு விமானம்.

"அனுமதி வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை எடத்தப் பாக்க வர்றாங்கடி. அவங்க பாத்து எழுதிட்டா கெடச்சிடும்" என்றாள் ரெஜினா.

"மேரியில இன்னா சொல்லப் போறான்? எல்லாம் குடுத்துடுவான்" என்றார் அந்துவான். மேரி என்பது கடற்கரைச் சாலையில் இருக்கும் பழைய நகராட்சி மாளிகை. அவருக்கு எல்லா அரசாங்க அலுவலகமும் மேரிதான்.

"அண்ணே, இது மேரி வேல இல்ல. கடலோரத்துக்குத் தனிச் சட்டம் இருக்குது."

மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சட்டத்தை எனக்கு விளக்கினாள். பாடம் நடத்துகிறவளுக்குக் கேட்கவா வேண்டும்? கடல் உச்சமாக ஏறும்போது தண்ணீர் எதுவரை வருகிறதோ அது உயர் அலைக் கோடு. அங்கிருந்து இருநூறு மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டக் கூடாது. அதற்கு அப்பால் ஐந்நூறு மீட்டர் வரை அனுமதி கேட்டுக் கட்டலாம். அவளுடைய வீடு வரைபடத்தில் கோட்டிலிருந்து இருநூற்றுப் பத்தாவது மீட்டரில் தொடங்கியது. அனுமதி கேட்காமலே கட்டியவர்கள் வரிசையாக இருக்கும்போது நீ ஏன் அலைகிறாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்களாம். "இடிக்க வந்தா நான் எங்கடி போவேன்?" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து மூவரும் இடத்தைப் பார்க்கப் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வருகிறது, கொஞ்ச தூரத்தில் மறுபடி புதுச்சேரி. உள்ளூர்க்காரர்களுக்கு மதுக்கடைகளைப் பார்த்தாலே எந்த அரசாங்கத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடுமாம்.

மனை சாலையிலிருந்து கடலை நோக்கி நீளமாகக் கிடந்தது. முதலில் சவுக்கு, பிறகு வீட்டுக்கென முளைக்குச்சி அடித்த இடம், அதன்பின் முட்புதரும் வெறும் மணலும். கடைசியில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு மணல்மேடு. மேலெல்லாம் அடப்பங்கொடி படர்ந்து ஊதா நிறத்தில் பூத்திருந்தது. கடல் அதற்குப் பின்னால் இருந்ததால் தெரியவில்லை.

"இதாண்டி படுக்கை ரூம்பு. காலைல கண்ணத் தெறக்கறதுக்கு முன்னாடியே அலைச் சத்தம் கேக்கும்" என்று ரெஜினா முளைக்குச்சிகளுக்கு நடுவில் நின்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

"சத்தம் மட்டும் கேட்டாக்கா அது கடல் வீடா? ரேடியோ வெச்சாலும் கேக்கும்" என்றார் அந்துவான். மேட்டைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நானும் ரெஜினாவும் நோணாங்குப்பம் படகுத் துறைக்குப் போனோம். தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அந்துவான் வரவில்லை. உப்பங்கழி வழியாகப் படகு மெதுவாகப் போய்க் கடலோர மணல் திட்டில் இறக்கிவிடுகிறது. மணல் நன்றாகவே இருந்தது. தேநீர் சுமார்தான். மாலையில் வீடு திரும்பினால் அந்துவானின் காலணி நிறைய மணல்.

"வலா! நாளைக்கு ஆபீசர் வர்றாங்கல்ல, எடத்த சுத்தம் பண்ணி வெச்சுட்டேன்" என்றார். வலா என்றால் பிரெஞ்சில் 'இதோ பார்'. புல் செதுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். அன்று பௌர்ணமி.

புதன்கிழமை பத்து மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட பெண். கூடவே அளவு நாடா பிடிக்க ஓர் ஊழியர். வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்தார். மனையைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

"டீச்சர், மேடு எங்க?"

நாங்களும் அப்போதுதான் பார்த்தோம். நின்ற இடத்திலிருந்தே கடல் தெரிந்தது, கண்ணைக் கூசுகிற மாதிரி.

"நாந்தான் மேடம்" என்று அந்துவான் முன்னால் வந்தார். "நேத்து ஜேசிபி வெச்சு ரெண்டு மணி நேரத்துல தள்ளி வுட்டுட்டேன். நீங்க வர்ற எடம், மேடும் பள்ளமுமா இருந்தா நல்லாவா இருக்கும்?"

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைக் கழுவித் துடைப்போமே, அந்த மாதிரித்தான் அவர் செய்திருந்தார். அவர் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் களை இருந்தது. எனக்குப் பார்க்கவே சங்கடமாகிவிட்டது.

அதிகாரி கடலை நோக்கி நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். மேடு இருந்த இடத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வெகுதூரம் மணல் ஈரமாக இருந்தது. பாசியும் நுரையும் ஒற்றை ரப்பர் செருப்பும் ஒரு வளைகோடாக ஒதுங்கிக் கிடந்தன. பௌர்ணமி இரவில் ஏறிய கடல், தடுக்க மேடு இல்லாததால் நேரே உள்ளே வந்து போயிருந்தது.

"மணல்மேட்டத் தொடவே கூடாது சார். சட்டத்துலயே இருக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அதோட இன்னொண்ணும் ஆயிடுச்சு. தண்ணி ஏறி நிக்கிற எடத்துலேர்ந்துதான் எரநூறு மீட்டர். நேத்து வரைக்கும் உங்க வீடு அதுக்கு அந்தாண்ட இருந்துச்சு. இப்ப பாருங்க."

ஊழியர் பாசிக்கோட்டிலிருந்து நாடாவை இழுத்துக்கொண்டே போனார். இருநூறாவது மீட்டர் கடல்பக்கத்து முளைக்குச்சிகளைத் தாண்டி விழுந்தது. படுக்கையறை, கூடம் இரண்டும் கோட்டுக்குள் போய்விட்டன. சமையலறையில் பாதி தப்பியது.

"அபராதம் எவ்ளோன்னு சொல்லுங்க மேடம், கட்டிடறேன்."

"அபராதம் கட்டினா மேடு வராது சார்."

பிறகு அதிகாரி சொன்னது இது. மேடு இருந்த இடத்தில் காற்றுக்குக் குறுக்கே ஓலைத் தட்டி கட்ட வேண்டும். மணல் அங்கே தானாகச் சேரும். சேரச் சேர அடப்பங்கொடியை நட வேண்டும். அடுத்த மழைக்காலம் முடிந்து வந்து பார்ப்பார். மேடு எழும்பியிருந்தால் பழைய கோட்டையே வைத்துப் பரிந்துரைப்பார்.

"மே மாசத்துக்குள்ள ஏறிடாதுங்களா?" என்று கேட்டாள் ரெஜினா. வகுப்பில் இத்தனை வருடம் குரல் எழுப்பியவளுக்கு அந்த ஒரு கேள்வி காற்றாகத்தான் வந்தது.

"அது என் கையில இல்லீங்க டீச்சர்."

பேருந்தில் திரும்பினோம். இரண்டு அரசாங்கங்களையும் கடந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ரெஜினா அழுதாள். "நீ ஏண்ணே தொட்டே? ஒனக்கு அது ஒரு மேடு. நான் எங்க போவேன்?" என்று கேட்டாள். அந்துவான் எதிர் நாற்காலியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கல் வைப்பு இல்லை என்று பங்குச் சாமியாருக்கு நானே போன் செய்து சொன்னேன்.

வியாழன் காலை எழுந்து பார்த்தால் அந்துவானைக் காணவில்லை. மேஜைமேல் போர்வை மட்டும் இருந்தது, கல் இல்லை.

"போயி வெச்சுட்டாருடி" என்றாள் ரெஜினா. "அனுமதி இல்லாம கல்லு வெச்சா அந்தம்மா ஃபைலையே மூடிடுவாங்க. எல்லாம் போச்சு."

கிடைத்த ஆட்டோவில் ஏறினோம். முந்நூறு ரூபாய் கேட்டார், பேரம் பேச இருவருக்கும் தெம்பில்லை. சவுக்குத் தோப்புக்குள் ரெஜினா ஓடியே போனாள். முளைக்குச்சிகளுக்கு நடுவில் கல் இல்லை.

அந்துவான் கடலோரத்தில் இருந்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, கூலிக்கு அழைத்து வந்த இருவரோடு தென்னங்கீற்றுத் தட்டியைக் கழிகளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பிடுங்கிப் போட்டிருந்த கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். காற்று பலமாக அடித்தது. தட்டியின் ஓர் ஓரம் திரும்பத் திரும்ப மேலே எழும்பியதால், அதன் அடியில் கருங்கல் பலகையைச் சாய்த்து முட்டுக் கொடுத்திருந்தார்.

எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "கல்லு வெக்கிற நாளு இன்னிக்குத்தானம்மா. வெச்சுட்டேன்" என்றார்.

ரெஜினா அவரையே பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டியின் மறுமுனையைப் பிடித்தாள்.

எனக்கு மாலை நான்கு மணிக்குப் பேருந்து. சேலத்தில் கடல் இல்லை. எங்கள் தெருவில் யாரும் எந்தக் கோட்டையும் அளந்து வீடு கட்டியதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை. அதை ரெஜினாவிடம் சொல்லிக்கொண்டிருக்க அது நேரமல்ல. ஜூன் முதல் லாஸ்பேட்டையிலேயே ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். விடைபெறும்போது தட்டியின் அடியில் ஒரு சாண் அளவுக்கு மணல் சேர்ந்திருந்தது. கல்லில் தேதி மறைந்துவிட்டது. அவள் பெயர் இன்னும் தெரிந்தது.