காற்றடிக்கும் கண்மாய்க்கு எந்தத் தோணி?

போன கார்த்திகையில் தோணி வாங்கப் போனோம். எனக்கில்லை. புதுக்கோட்டையில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவனுக்குத் தோணி எதற்கு? என்னோடு வேலை செய்யும் செல்லையாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கப் பிடிக்காமல் நானும் ஒட்டிக்கொண்டேன்.

செல்லையாவின் ஊர் அரிமளத்துக்குத் தெற்கே. ஊர்ப் பெயரை எழுதவில்லை; எழுதினால் வம்பு எனக்கல்ல, அவனுக்கு. அங்கே ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. அதில் மீன்பிடிக்கும் குத்தகை காலங்காலமாகப் பெரிய வீட்டுக்காரருடையது. இந்த வருஷம் பஞ்சாயத்து ஏலத்தில் செல்லையாவின் தெற்குத் தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு பணம் போட்டு எடுத்துவிட்டார்கள். கோடையில் வற்றிய தண்ணீரில் இறங்கி யாரும் மீன் பிடிக்கலாம். மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்து, வாடைக்காற்று அலையைக் கிளப்பும்போது மீன் நடுவில் கிடக்கும். தோணி இல்லாமல் முடியாது.

சிக்கல் அலையில் இல்லை. அந்தக் கண்மாயில் தோணியை இறக்க ஒரே இடம் படித்துறை. மற்ற இடமெல்லாம் கருவேல முள்ளும் சேறும். படித்துறையோ பெரிய வீட்டுக்காரர்கள் குளிக்கும் இடம். அவர்களுடைய சொத்துக் காரியங்களைப் பார்க்கும் காரியக்காரர் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்: "பகல்ல மீன் பிடிச்சுக்கங்க. பொழுது சாஞ்சா தோணியத் தூக்கிட்டுப் போயிரணும். படித்துறையில கெடக்கக் கூடாது." சுதந்திரம் வந்து பதினைந்து வருஷமாகிறது. தண்ணீரைக் குத்தகைக்கு எடுத்தவனுக்குக் கரையில் நிற்க உரிமை இல்லை. படித்துறையிலிருந்து தெற்குத் தெரு அரை மைல். தினமும் தோணியைத் தலையில் சுமந்துகொண்டு நடக்க வேண்டுமாம். முடியாதென்றால் பகை; அடுத்த வருஷம் ஏலத்தில் பெயரைக்கூடச் சேர்க்க விடமாட்டார்கள்.

ஆகவே இலேசான தோணியாகத் தேடினோம். காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். செல்லையாவோடு அவன் அக்கா முத்துக்கண்ணுவும் வந்திருந்தாள். மீனை விற்கப் போகிறவள் அவள்தான். "இவன் வாயப் பாத்தா தோணிக்காரன் இருக்கிற சட்டையும் உருவிக்கிட்டு விட்டுருவான் தம்பி. அதான் நானும் வாரேன்" என்றாள்.

முதலில் ஊருக்குள்ளேயே ஒரு பட்டறை. தார் பீப்பாய்களை வெட்டித் தட்டி நிமிர்த்தி, ரிவிட் அடித்துத் தோணியாக்குகிறார்கள். விலை நூற்றுப்பத்து ரூபாய். இரண்டு பேர் தலையில் வைத்துக்கொண்டு சிரமமில்லாமல் நடக்கலாம். பட்டறைக்காரரும் அவர் தம்பியும் அப்படித்தான் பக்கத்துக் குளத்துக்குத் தூக்கி வந்தார்கள். செல்லையாவின் முகம் மலர்ந்துவிட்டது.

நானும் அவனும் ஏறினோம். கரையோரம் இருக்கும்வரை சுகம். நடுக்குளத்துக்குப் போனதும் வாடை ஓர் அறை அறைந்தது. தோணி தட்டாமாலை சுற்ற ஆரம்பித்தது. செல்லையா வலப்பக்கம் கழியை ஊன்றினால் அது இடப்பக்கம் ஓடுகிறது. அலை விளிம்பைத் தாண்டி மடியில் விழுந்தது. கழி பக்கவாட்டில் பட்டபோதெல்லாம் டங் டங்கென்று கோயில் மணிபோலச் சத்தம்.

கரையிலிருந்து முத்துக்கண்ணு கத்தினாள்: "ஏண்டா, மீனப் பிடிக்கப் போறியா, மீனுக்குக் கொட்டடிச்சு ஊர்வலம் விடப் போறியா?"

நனைந்த வேட்டியோடு இறங்கினோம். பட்டறைக்காரர் ஒளிக்கவில்லை. "சின்னக் குளத்துக்கு இது போதுங்க. நெறஞ்ச கம்மாயில வாடையடிக்கிறப்ப போகாதீங்க" என்றார். செல்லையா அப்போதும், "தூக்கிட்டுப் போகலாம்ல மாப்ளே" என்று என்னைப் பார்த்தான். எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை. தண்ணீரில் மிதக்க வேண்டிய பொருளை, தெருவில் சுமப்பதற்குத் தோதாக ஒருவன் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது!

பத்தரை மணி பஸ்ஸில் வல்லத்திராக்கோட்டை போனோம். ஆளுக்கு நாற்பது நயா பைசா. உட்கார இடம் கிடைக்காது. கிடைத்தாலும் கோழிக்கூடையோடு பங்கு போட வேண்டும். ரோடு ஓரத்துக் கடையில் இட்லி சூடாக இருந்தது, சட்னி அதைவிட நன்றாக இருந்தது. அங்கிருந்து வயல் வழியாகக் கால்மணி நேர நடை.

அங்கே பனந்தோணி. முற்றிய பனையை நெடுக்கில் பிளந்து உள்ளே குடைந்தது. வேர்ப்பக்கம் பருத்துத் தானாகவே மூடியிருக்கும். நுனிப்பக்கத்தைக் களிமண்ணால் அடைக்கிறார்கள். இரண்டு தோணிகளைப் பக்கம்பக்கமாக வைத்துக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்தால் மேலே நின்று வலை வீசலாம். சோடி தொண்ணூறு ரூபாய். விற்றவர் கருப்பையா என்ற நடுவயதுக்காரர், பேச்சில் கஞ்சன்.

அந்த ஊர்க் கண்மாயில் நானும் செல்லையாவும் ஏறிப் பார்த்தோம். அதே வாடைதான் அங்கும் அடித்தது. அலை வந்தது, இரண்டு தோணிகளுக்கும் நடுவே புகுந்தது, பின்னால் போய்விட்டது. செல்லையா நின்றுகொண்டு வலையை வீசினான். எனக்கு நீச்சல் சுமார்தான். இருந்தும் பீடி பற்றவைக்கத் தோன்றியது. சத்தமே இல்லை. கரைக்கு வந்தபோது இரண்டு கெண்டைகள் வலையில் இருந்தன.

"இதத் தூக்கிப் பாப்பம்" என்றான் செல்லையா. பிணைப்பை அவிழ்த்து, ஒற்றைத் தோணியை நாலு பேர் பிடித்தோம். ஊறிய பனை. முழங்காலுக்கு மேல் வரவில்லை. செல்லையா கையை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டான். "சரிப்படாது. அங்க தெனமும் கரைமேல ஏத்தணுமே."

"இத எவன் ஏத்துவான்?" என்றார் கருப்பையா. "கரையிலேருந்து உருட்டிவிட்டா எறங்கிரும். அப்புறம் தண்ணியிலதான் கெடக்கும்."

முத்துக்கண்ணு சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. "இதையே கட்டுங்கண்ணே" என்றாள்.

"அக்கா, காரியக்காரர் என்ன சொன்னாரு?"

"தூக்கிட்டுப் போகச் சொன்னாரு. நாம மாட்டேம்னா சொல்றோம்? தூக்க வரல. வந்து அவரே தூக்கிக்கிறட்டும்."

செல்லையா தோணியை ஒருமுறை சுற்றி வந்தான். குத்தகை போனால் தெருவே அவனைத்தான் கேட்கும். கடைசியில் பணத்தை அக்காவிடமிருந்து வாங்கிக் கருப்பையாவின் கையில் வைத்தான். மாட்டுவண்டிக்குத் தனியாகப் பன்னிரண்டு ரூபாய். பலகை சாய்த்து உருட்டி ஏற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் மாலை தோணி படித்துறையில் மிதந்தது. லீவு சொல்லிவிட்டு நானும் போயிருந்தேன். காரியக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார்.

"டேய் செல்லையா, பொழுது சாஞ்சிருச்சுல்ல? தூக்குங்கடா."

"தூக்கிப் பாத்தோம்ங்க, வரலை. ஒங்க ஆளுக ரெண்டு பேரு அந்தப் பக்கம் பிடிச்சா வரும்ங்க."

அந்த இரண்டு ஆட்களும் தண்ணீரைப் பார்த்தார்கள். தெற்குத் தெருக்காரனோடு ஒரே மரத்தில் கை வைத்து, சேற்றில் இறங்கி, அரை மைல் தோளோடு தோளாக அவன் வீட்டுக்கே சுமந்து போக வேண்டும். ஒருவன் தலையைச் சொறிந்தான். காரியக்காரர் காலால் தோணியைத் தள்ளிப் பார்த்தார். அது கொஞ்சம் விலகி, திரும்ப வந்து படியிலேயே முட்டி நின்றது.

"சரி, இன்னைக்குக் கெடக்கட்டும்" என்றார்.

நம் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தோணி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. சிறு குளம், அமைதியான தண்ணீர் என்றால் தகரம் போதும். வாடையில் நடுவே போக வேண்டுமென்றால் பனைச் சோடிதான். களிமண் அடைப்பை மட்டும் தினமும் பாருங்கள், கோடையில் தோணியை வெயிலில் போடாமல் சேற்றுக்குள் அமுக்கி வையுங்கள், இல்லையென்றால் வெடித்துவிடும். காற்றில்லாத நாளில் பரீட்சை பார்த்து வாங்காதீர்கள். இலேசாக இருப்பது நல்லது என்று சொன்னால், யாருக்கு நல்லது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்குச் செல்லையா ஊருக்குப் போயிருந்தேன். விரால் குழம்பு, முத்துக்கண்ணுவுக்கு மீன் விற்கவும் தெரியும், சமைக்கவும் தெரியும். சாப்பிட்டுவிட்டுக் கண்மாய்க்கு நடந்தேன். தோணி படித்துறையிலேயேதான் கிடந்தது. காரியக்காரர் கழுத்தளவு தண்ணீரில் நின்று குளித்துக்கொண்டிருந்தார். துவைத்துப் பிழிந்த அவருடைய வேட்டி, தோணியின் குறுக்குக் கட்டைகளின் மேல் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.