அத்தையின் கேனப்பி

எங்கள் அத்தை மரத்தின் உச்சியைப் படித்தவள். மரத்தைப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். உச்சியை மட்டும் படித்தவள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். தரையையே பார்க்காமல் மேலேயே பிறந்து மேலேயே செத்துப்போகிற உயிர்கள் காட்டில் ஏராளம் என்பாள். அவற்றைப் பார்ப்பதற்காக மலைக்காடுகளில் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தாள்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவுக்கு இதையெல்லாம் விளக்கும் தெம்பு அப்பாவுக்கு இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில், யாரோ கேட்டதற்கு, தங்கை வாயில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக் கொடுத்துவிட்டார். "கேனப்பியில வேல செய்யறா." அத்தைக்குக் கேனப்பி என்றால் காட்டின் கூரை. எங்கள் தெருவுக்கோ ஜெனரேட்டரை மூடுகிற தகரக்கூடு. அதை வெட்டி, வளைத்து, பெயின்ட் அடித்து அனுப்பும் பட்டறைகள் எங்களைச் சுற்றி எத்தனையோ இருந்தன. அத்தைக்கு நல்ல கம்பெனியில் வேலை என்று தெருவே நிம்மதியடைந்தது.

அந்த நிம்மதி ஒரு சம்பந்தத்தையும் கூட்டிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொந்தமாகவே கேனப்பிப் பட்டறை வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. பெண் பார்க்க வந்தவர்களைவிட அவர்களுக்காகக் கிண்டிய கேசரியில்தான் எனக்கு அக்கறை. மாப்பிள்ளையின் அப்பா தொழில்காரத் தோரணையில் தொண்டையைச் செருமினார்.

"எவ்ளோ பெரிசு வரைக்கும் பாத்திருக்கறம்மா?"

"முப்பது நாப்பது மீட்டரு இருக்குங்க," என்றாள் அத்தை.

"அத்தன பெரிய ஜெனரேட்டர எந்த ஊர்ல வெச்சிருக்கறாங்க?"

விஷயம் விளங்கியதும் முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். அந்தச் சிரிப்பு அத்தையையும் தொற்றிக்கொண்டது. பிறகு மரத்து மேலே எடுத்த போட்டோ இருக்கிறதா என்று அவர் கேட்க, இருவரும் அவளுடைய போனைப் பார்த்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. கேசரியில் மூழ்கியிருந்த எனக்கே அது தெரிந்தது.

அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னார்: "பொண்ணப் புடிச்சிருக்குதுங்க. இந்த மரம் ஏறற வேலைய மட்டும் உட்ரட்டும். நம்ம பட்டறையிலயே ஆபீஸ் பாத்துக்கட்டும். நாளைக்கி சாயந்தரம் ஒரு வார்த்த சொல்லிருங்க." மாப்பிள்ளை செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார். "உனக்கு என்ன தோணுதோ சொல்லும்மா," என்றார் அப்பா அத்தையிடம். முகம் மட்டும் சரியென்று சொல்லிவிடு எனக் கெஞ்சியது.

மறுநாள் காலை அத்தை என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தொரப்பள்ளியைத் தாண்டி ஆற்றோரம் போனாள். அங்கே ஒரு பெரிய நீர்மருது. கவணால் நூலை எறிந்து, நூலோடு கயிற்றை இழுத்து, எனக்கு இடுப்பிலும் தொடையிலும் பெல்ட் மாட்டினாள். என்னைத் தன்னோடு கொக்கியில் கோத்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். தரை மெதுவாக எங்களை விட்டுப் போனது. முதலில் ஸ்கூட்டர் சிறியதானது; பிறகு ஆறு சத்தமில்லாமல் போனது; அதற்குப் பிறகு கீழே என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

கீழே காற்றே இல்லாதிருந்தது. மேலேயோ மரம் தூங்குகிற மாடுபோல மெல்ல ஏறி இறங்கியது. வெயில் இலைகளுக்குள் புகுந்து எங்கள் கைகளைப் பச்சையாக்கியது. தூரத்துக் கம்பெனிக் கூரைகள் தண்ணீரில் கிடப்பதுபோல் மினுங்கின. கிளைகள் பிரிகிற கவட்டையில், விழுந்த இலைகள் மக்கி மக்கி மண்ணாகியிருந்தன. அத்தை விரலால் கிளறினாள். உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது.

"இது எப்புடி அத்த மேல வந்துச்சு?"

"தெரியல கண்ணு. அதான் ஏறி ஏறிப் பாத்துட்டிருக்கறன்."

புழுவை மண்ணால் மூடிவிட்டாள். ஒரு சிறிய பச்சை வண்டு என் மணிக்கட்டில் ஏறி, என்னையும் ஒரு கிளையென்று எண்ணி நடந்தது. நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதே எனக்கு மறந்துபோனது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

"எறங்கிரலாமா கண்ணு?" என்று அத்தை கேட்டாள்.

"வேணா அத்த. இங்கியே இருக்கலாம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலையை இழுத்துத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். நெற்றியில் ஏதோ ஈரம் சொட்டியது. மரத்திலிருந்து என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் அவளே போனில் பேசினாள். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். கல்யாணத்துக்கு எடுப்பதாக இருந்த பட்டுப்பாவாடை போயிற்றே என்று நான் அத்தையோடு பேசாமல் இருந்தேன். அடுத்த வாரம் அவள் காட்டுக்குத் திரும்பினாள். மேலே பார்த்ததையெல்லாம் எழுதினாள். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, வெட்டுவதற்குக் குறித்திருந்த ஒரு மலைச்சரிவைக் காப்பாற்றினாள். தலை நரைத்த பிறகும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள், தனியாக.

இறங்கலாமா என்று அன்றைக்கு அவள் கேட்டதை, அந்த நீர்மருதிலிருந்து இறங்குவதைப் பற்றி என்றுதான் நான் நினைத்தேன்.