பீலியில் தேய்த்த நட்சத்திரம்

மூன்றாவது வளைவைத் தாண்டும்போது மாமா பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்டது. நான் நிற்கவில்லை. கையில் ஒரு சொப்பிங் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு காற்சட்டை, குவைத்திலிருந்து அம்மா அனுப்பிய துவாய். தேயிலைத் தோட்டத்து ரோடு மஸ்கெலியாவை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். இறக்கத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டால் கால் தானாக ஓடும். எனக்கு அப்போது பதினான்கு வயது. பிறகு எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். ராகலையில் லீக்ஸ் மூட்டை தூக்கினேன், நுவரெலியாவில் குதிரை கழுவினேன், கொழும்பில் என்னவெல்லாமோ செய்தேன். எந்த இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் அன்றைக்குப் போல நியாயம் முழுக்க என் பக்கம் இருந்ததில்லை.

நியாயம் இதுதான். நான் செய்த வேலையை மாமா தான் செய்ததாகச் சொல்லிவிட்டார். அதுவும் ஒரு வெள்ளைக்காரத் துரைசானிக்கு முன்னால்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் மாமாவும் நானும் இருந்தோம். அவர் சமைப்பார், நான் பாத்திரம் விளக்குவேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஏறவில்லை. ஆனால் விளக்குவதில் என்னை மிஞ்ச அந்த லயத்தில் ஆள் கிடையாது. புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் கொடுத்தால் போதும், கரிப்பிடித்த சட்டியில் முகம் பார்க்கலாம். பக்கத்துக் காம்பராப் பெண்கள் தீபாவளிக்கு முன்பு குத்துவிளக்குகளை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். "இவனக் கட்டிக்கப் போறவ குடுத்து வச்சவ" என்று சிரிப்பார்கள். எனக்கு அது கேலியாகவே படவில்லை.

மலை உச்சியிலிருந்த பழைய துரை பங்களா அந்த வருஷம் உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டலாக மாறியிருந்தது. மாமாவை அங்கே மேசை வேலைக்கு எடுத்திருந்தார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். நிரந்தரமானால் பங்களாவுக்குப் பின்னால் தனி அறை, அறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மாமாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். லயத்துக்குப் பெண் தர மாட்டோம், வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பேசலாம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஹோட்டலில் கொடுத்த வெள்ளைக் கோட்டை மாமா தினமும் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து, அதன்மேல் படுத்துத் தூங்குவார். இஸ்திரிப்பெட்டி எங்களிடம் இல்லை.

மூன்றாவது மாதம் மாசி. அந்த மாதம்தான் ஹோட்டல் மேனேஜருக்கு அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தோட்டத்தில் முதலில் தேயிலை போட்ட துரை, இளவயதில் அமெரிக்காவில் இருந்தவராம். அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் சிப்பாயாகச் சண்டை போட்டவராம். போர் முடிந்த பிறகு அந்தச் சிப்பாய்கள் ஒரு சங்கம் வைத்து, ஒருவரையொருவர் சகோதரர் என்று கூப்பிட்டுக்கொண்டு, வருஷா வருஷம் கூடி ஊர்வலம் போய், செத்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்களாம். துரையும் அதில் ஓர் ஆள். அவருடைய தம்பி வழியில் வந்த ஒரு வயதான அம்மா, சங்கத்துச் சாமான் ஏதாவது பங்களாவில் மிஞ்சியிருந்தால் பார்க்க வருகிறேன் என்று எழுதியிருந்தார். இதையெல்லாம் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்குச் சொன்னார்.

மேனேஜர் சிங்களவர், கொழும்புக்காரர். மாத்தயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கடிதம் வந்த கையோடு முன் மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி வாங்கி வைத்தார். உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை. தேடிப் பிடித்தவர் மாமா. தோட்டத்தில் எந்தச் சாமான் எங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சங்கத்தின் எழுத்துப் பொறித்த தகரக் குடுவையில் ஸ்டோர்க்காரர் மண்ணெண்ணெய் வைத்திருந்தார். சிப்பாயின் இடுப்புப் பட்டித் தகடு மாட்டுப்பட்டிக் கதவுக்குக் கொண்டியாக இருந்தது. சங்கம் கொடுத்த சான்றிதழ், கறையான் பாதியைத் தின்றது போக, பங்களாவில் ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. மூன்றும் அலுமாரிக்குப் போயின. மாத்தயா தோளில் தட்டிப் பேசினார் என்று மாமா அன்றைக்குக் கருவாடு வாங்கி வந்தார்.

நாலாவது சாமான் சங்கத்து நட்சத்திரம். அது மன்மதன் நெஞ்சில் இருந்தது.

மாசியில் எங்கள் மலைகளில் காமன் கூத்து நடக்கும். பொட்டலில் காமன் கம்பத்தை ஊன்றி, சிவன் மன்மதனை எரிப்பதையும் ரதி அழுது அவனை மீட்பதையும் ஆடுவார்கள். எங்கள் தோட்டத்து மன்மதன் கட்டும் சிவப்புத் துணியின் மார்பில், ஜரிகைக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் நடுவே, ஐந்து முனை வெண்கல நட்சத்திரம் ஒன்று தைத்திருக்கும். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன காலத்தில் பங்களாக் குப்பையிலிருந்து யாரோ எடுத்துவந்ததாகச் சொல்வார்கள். அதன் நடுவில் ஒரு பெண் நிற்பாள். அவளுக்கு முன்னால் இரண்டு ஆண்கள் கைகுலுக்குவார்கள். கீழே இரண்டு பிள்ளைகள் மண்டியிட்டிருக்கும். நட்சத்திரத்துக்கு மேலே ஒரு பறவை. கூத்து மாஸ்டர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். நடுவில் நிற்பது ரதி. சிவனும் மன்மதனும் சமாதானமாகிக் கை கொடுத்துக்கொள்கிறார்கள். மண்டியிட்டிருப்பவை காமனுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளைகள். மேலே கருடன். இதில் யாரும் குறை கண்டதில்லை. தப்பு அடிக்கிற பெரியவர் மட்டும், "அது கருடன் இல்ல மாஸ்டரு, நேத்திக்கடன் கோழி" என்பார்.

காமன் ஊன்றுவதற்கு முன் கூத்துச் சாமான்களை எல்லாம் பளிச்சென்று விளக்கிவிட வேண்டும் என்பது வழக்கம். விளக்காமல் ஊன்றினால் தோட்டத்துக்கு ஆகாது. மூன்று வருஷமாக நட்சத்திரம் என் பொறுப்பு. துணியில் தைத்தபடியே முன்பக்கத்தைத் தேய்ப்பேன். எனக்கு முன்னாலும் எத்தனையோ பேர் தேய்த்திருந்தார்கள். ரதிக்கு மூக்கு போய்விட்டது. சிவன் யார், மன்மதன் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பளபளப்பில் குறை இல்லை.

மாமா ஒரு நாளைக்கு மட்டும் அதைக் கேட்டபோது மாஸ்டர் லேசில் மசியவில்லை. கூத்துப் பெட்டிச் சாமானை வெளியே கொடுத்துப் பழக்கமில்லை என்றார். மாமா வேலையைச் சொன்னார், தனி அறையைச் சொன்னார், நோட்டன் பிரிட்ஜ் பெண்ணைச் சொன்னார். கடைசியில் மாஸ்டர் தையலைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். துரைசானி பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாராம். "நாளைக்கு பொழுது சாயறதுக்குள்ள எங்கையில இருக்கணும்பா. நாளான்னிக்கி காமன் ஊண்டுறோம்" என்றார் மாஸ்டர்.

மாமா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் பிற்பகல் வேலைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பி, "பத்தரமா பாத்துக்க மருமவனே. மாமாவோட பொழப்பே அதுலதான் இருக்கு" என்றார்.

பிழைப்பே அதில் இருக்கும்போது வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எப்படியும் விளக்க வேண்டியதுதானே என்று நான் அதை, மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற பீலிக்குக் கொண்டுபோனேன்.

பின்பக்கத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். கன்னங்கரேலென்று கிடந்தது. நடுவில், ஆணியால் யாரோ கிறுக்கியது மாதிரி சின்னச் சின்னக் கீறல்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா கையில் இப்படியா கொடுப்பது? புளி போட்டேன், போகவில்லை. சாம்பல் போட்டேன், செங்கல் தூள் போட்டேன், போகவில்லை. பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் துணி துவைக்கிற கருங்கல் ஒன்று உண்டு. அதில் மணலைத் தூவி, நட்சத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு, கத்தி தீட்டுவது போலத் தேய்த்தேன். குளிரில் விரல் மரத்துப்போனது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் கால் கழுவ வரும்வரை தேய்த்தேன். ஒரு கீறல் மிச்சமில்லை. பின்பக்கம் புதுக் காசு மாதிரி மின்னியது. அவ்வளவு நல்ல வேலையை அதற்கு முன்பும் நான் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

துரைசானியே பிரித்துப் பார்க்கட்டும் என்று அதைத் துணியில் சுற்றி நூல் கட்டி வைத்தேன். மறுநாள் காலை மாமா பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். நானும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே போனேன். பாராட்டு வாங்க ஆள் இருக்க வேண்டுமல்லவா.

துரைசானி விறாந்தையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய கடதாசி, கையில் உருப்பெருக்கும் கண்ணாடி. பொட்டலத்தைப் பிரித்தார். முன்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். திருப்பினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் பின்பக்கத்தை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. எங்கள் லயத்துப் பெண்கள் குத்துவிளக்கை வாங்கும்போது சிரிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் சந்தோஷம் வந்தால் அழுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாத்தயா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் படபடவென்று பேசினார். யார் என்று கேட்டது மட்டும் எனக்கு விளங்கியது. நான் ஒரு காலை முன்னால் வைத்தேன். மாமா திரும்பாமலே கையை நீட்டி, என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பின்னால் தள்ளினார். "மம தமய், மாத்தயா" என்றார். நான்தான் ஐயா என்று அர்த்தம். அந்த அளவுக்குச் சிங்களம் எனக்குத் தெரியும்.

என்னைச் சமையல் குசினிப் பக்கம் போகச் சொன்னார்கள். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சு நீண்டது. கடைசியில் துரைசானி நாற்காலியை விட்டு எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடாமல், வெகுநேரம். நட்சத்திரத்தில் அந்த இரண்டு பேர் பிடித்திருக்கிற மாதிரியே. அது எனக்கு வர வேண்டிய கை.

மாமா குசினிக்கு வந்ததும் கேட்டேன். "நாந்தானே வெளக்குனேன். நீங்க எதுக்கு நான்னு சொன்னீங்க?"

"சத்தம் போடாத. வீட்டுக்குப் போ, பின்னாடியே வாறேன்."

"அந்தம்மா எனக்குக் கை குடுத்திருப்பாங்க."

மாமா என்னைப் பார்த்தார். "ஆமாடா, குடுத்திருப்பாங்க" என்றார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பையைக் கட்டினேன்.

அந்த விறாந்தையில் நடந்த பேச்சு ஆறு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. ராகலை பஸ் நிற்கிற இடத்தில் பங்களாச் சமையல்காரரைச் சந்தித்தேன். அவருக்கு இங்கிலீஷும் தெரியும், சிங்களமும் தெரியும், அன்றைக்குத் தேநீர் கொண்டுபோனவரும் அவர்தான். சங்கம் கொடுத்த நட்சத்திரம் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு இலக்கம் அடித்திருப்பார்களாம். துரை தன் இலக்கத்தைத் தம்பிக்கு எழுதி அனுப்பிய கடதாசிதான் துரைசானியின் மடியில் இருந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான் அந்த வயதில் கடல் தாண்டி வந்திருந்தார். மாத்தயா, பங்களாச் சாமானைத் திருடி வைத்துக்கொண்டு இலக்கத்தையும் அழித்திருக்கிறார்கள், செய்தவன் யாரானாலும் பொலிஸில் கொடுப்பேன் என்று கத்தினாராம். அப்போதுதான் மாமாவின் கை என் நெஞ்சுக்கு வந்தது.

பொலிஸ் வேண்டாம் என்று தடுத்தவர் துரைசானி. இது எங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறார். மாமா காமனையும் ரதியையும், இரண்டு பேர் சமாதானமாவதையும், வருஷா வருஷம் விளக்குவதையும் சொல்ல, சமையல்காரர் இங்கிலீஷில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். துரைசானி நட்சத்திரத்தை மாமாவிடமே திருப்பிக் கொடுத்து, அது அங்கேயே இருக்கட்டும் என்று கை குலுக்கினார். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினதும் மாத்தயா மாமாவைப் பார்த்துக் கோட்டைக் கழற்றச் சொன்னாராம்.

"கோட்டக் கழட்டிக் குடுத்துட்டு ஒன்னத் தேடித்தான்டா ஓடுனான்" என்றார் சமையல்காரர்.

வேலை போனது, நோட்டன் பிரிட்ஜ் பேச்சும் அதோடு முறிந்தது. மாமா மறுபடியும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்று தோட்ட வேலை செய்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு முறை போய்க் கேட்டேன். "அத எதுக்கு இப்ப கெளர்ற? சாப்ட்டியா?" என்றார். நட்சத்திரம் இன்னும் கூத்துப் பெட்டியில் இருக்கிறது. போன மாசியில் யாரோ போனில் படம் அனுப்பினார்கள். நன்றாகத்தான் விளக்கியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ரோட்டில் நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது உண்மை. நாலாவது வளைவில். மேலே, பனிக்குள், மாமா வெறும் பெனியனோடு நின்றுகொண்டிருந்தார். காலையில் போட்டுக்கொண்டு போன வெள்ளைக் கோட்டு உடம்பில் இல்லை. என்னைத் துரத்தி வருவதற்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார், அழுக்காகிவிடக் கூடாதே என்று, கோட்டின் மேல் இருக்கிற அக்கறை அப்படி, என்று எண்ணிக்கொண்டு இன்னும் வேகமாக இறங்கினேன்.

மஸ்கெலியாவில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். இரவை ஸ்டேஷன் வாங்குப் பலகையில் கழித்தேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. விடிந்ததும் பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போய் நின்றேன். என்ன வேலை தெரியும் என்று கேட்டார்.

"வெளக்கத் தெரியும் நானா. எதக் குடுத்தாலும் வெளக்குவேன்."

"வாற எல்லாரும் அப்படித்தான் சொல்ற" என்று பின்கட்டைக் காட்டினார். அங்கே அடுப்புக் கரியேறிய கேத்தல்கள் வரிசையாகக் கிடந்தன. பெரியதாகப் பார்த்து எடுத்தேன். கடைக்குக் காலைக் கூட்டம் வந்து போய்விட்ட நேரம் நானா உள்ளே வந்தார். கேத்தலைத் தூக்கித் தன் தாடியை அதில் பார்த்தார்.

"இத யாரு வெளக்கின?"

பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதை ஒரு முறை நிச்சயப்படுத்திக்கொண்டு, "நாந்தான்" என்றேன்.

நானா ஒரு தட்டு ரொட்டியும் பருப்பும் வைக்கச் சொன்னார், வேலை கிடைத்துவிட்டது. மாமா மட்டும் இங்கே இருந்திருந்தால் இதையும் தான்தான் விளக்கியதாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த கேத்தலைக் கையில் எடுத்தேன்.