இடப்பக்கம் மட்டும் வேண்டாம்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று கூட வேலை செய்கிறவர்கள் சத்தியம் செய்வார்கள். உச்சி மாடியில், இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே எட்டிப் பார்த்தபடியே கொட்டாவி விடுகிற ஆள் அவர். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், நாற்காலி போட்ட வாடகை ஹாலில் பயம் வந்துவிட்டது. எதைக் கண்டு என்று கேட்டால் சிரிப்பீர்கள். மேஜை மேல் கிடந்த ஒரு மவுஸைக் கண்டு.

கதையை முன்னாலிருந்து சொல்கிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் முதலில் எழுந்து, மற்றதையெல்லாம் கட்டி மேய்க்கிறதே ஆபரேட்டிங் சிஸ்டம், அதை நீங்களும் நானும் வாங்கின இடத்திலேயே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அது என்ன பெரிய விஷயம், நானே எழுதுகிறேன் என்று கிளம்புகிற கிறுக்குகளும் உலகத்தில் உண்டு. நம் மெக்கானிக் அதில் ஒருவர். ஆறு வருஷமாக, வேலை விட்டு வந்ததும் சமையலறைக்குப் பின்னால் இருந்த குறுகலான ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எழுத்துக்கு எழுத்து, கோட்டுக்குக் கோடு, திரையில் தெரிகிற அத்தனையும் அவரே வரைந்தது. கூச்ச சுபாவம். யாருக்கும் காட்டவில்லை, கட்டின பெண்டாட்டிக்குக்கூட.

அவளோ செருப்புக் கடையில் சரக்கு அடுக்குகிறவள். எந்தப் பொருளாக இருந்தாலும் சுவரோரம் ஒட்டி நிறுத்தினால்தான் அவளுக்கு மூச்சு வரும். போன மாதம் ஒரு நாள் அந்தக் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"உள்ள என்னதான் பண்றீங்கன்னு எனக்குப் பயமா இருக்குங்க. மூளை கீளை பெசகிடுச்சோன்னு தோணுது. ஏதோ கூட்டம்னு சொன்னீங்களே, அங்க நானும் வர்றேன். பாத்துட்டு உருப்படியா ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா, இந்த ரூமைக் காலி பண்ணிடணும். எனக்கு என் புருஷன் வேணும்."

அவர் சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து பாதித் தூக்கம்தான்.

இப்படித் தானே சிஸ்டம் எழுதுகிற கிறுக்குகள் கூடுகிற அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சிஸ்டத்தை எழுதினவர் அதைத் தொடக்கூடாது. தரையில் ஒட்டிய டேப்புக்குப் பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். அதைப் பார்த்தே இராத ஒருவர் உட்கார்ந்து இஷ்டத்துக்கு நோண்டுவார். சிஸ்டம் விழாமல் பிழைத்தால் கைதட்டல். எழுதினவன் கைக்குத் தன் சிஸ்டத்தில் எங்கே பள்ளம் என்று தெரியும், அறியாமலே சுற்றிப் போய்விடும் என்பது அவர்கள் கட்சி. இந்தத் தடவை சோதிக்கப்போவது திரையும் அதில் திறக்கிற விண்டோக்களும்தான்.

முதலில் ஒரு பல் டாக்டருடைய சிஸ்டம். உட்கார்ந்திருந்தவர் ஒரு விண்டோவைப் பிடித்து இடது ஓரத்துக்கு இழுத்தார். பாதி விண்டோ திரைக்கு வெளியே போய், மீதி சமர்த்தாக நின்றது. எல்லாரும் தலையாட்டினார்கள். மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'இதை நான் செஞ்சு பார்த்ததே இல்லையே!'

வலது ஓரம் பார்த்திருக்கிறார். மேலே, கீழே எல்லாம் பார்த்திருக்கிறார். அவர் இடது கைக்காரர், மவுஸும் இடப்பக்கம்தான் இருக்கும். அவருடைய ரூமில் மேஜைக்கு இடப்பக்கம் சுவர். மவுஸைக் கொஞ்சம் தள்ளினாலே விரல் முட்டி சுவரில் இடிக்கும். ஆறு வருஷமாக அந்தப் பக்கம் எதையும் வெளியே தள்ளியதில்லை. வெளியே போன பகுதியை வரையாதே என்று சொல்கிற வரியை மேல், கீழ், வலம் என்று மூன்று பக்கத்துக்கும் எழுதியிருக்கிறார். நாலாவதற்கு எழுதவே இல்லை. அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வரையக்கூடாத இடத்தில் வரையப் போய் மொத்தமாக விழுந்துவிடும். இனி மெஷினைத் தொடவும் முடியாது.

கூட்டத்தை நடத்துகிற சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் எழுந்தார். "அடுத்தது நம்ம லிஃப்ட்காரர். யார் உக்கார்றது? போன வாரம் பேர் கொடுக்கறப்ப இவர் வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பின படத்தை எல்லாரும் பாத்தாச்சே. பாக்காதவங்க..." சுற்றிப் பார்த்தவர், மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்த கடைசி வரிசையில் பார்வையை நிறுத்தினார். "அக்கா, நீங்க வாங்க!"

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியாதவங்கதான்க்கா வேணும்!"

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், அவள் மட்டும் கூடாது. எதையும் ஓரம் கட்டாமல் அவள் கை சும்மா இருக்காதே!

அவள் கூச்சத்தோடு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். ஒரு கடிகாரத்தைத் திறந்தாள். அது திறக்கிற வரைக்கும் திரை மூலையில் குட்டி லிஃப்ட் ஒன்று மாடி மாடியாக ஏறி, உச்சியில் கதவைத் திறந்தது.

"ஏங்க, லிஃப்ட்டுங்க!" வாய்விட்டுச் சிரித்தாள். ஹாலும் சிரித்தது. "இதையா உள்ள உக்காந்து வரைஞ்சீங்க?"

அவருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஆனால் சந்தோஷப்பட எங்கே விட்டது பயம்? அவள் திறந்துகொண்டே போனாள். எழுதுகிற விண்டோ, கணக்குப் போடுகிற விண்டோ, படம் வரைகிற விண்டோ. ஒன்றின் மேல் ஒன்று கன்னாபின்னாவென்று கிடந்தன. அவள் புருவம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் அவருக்குத் தெரியும். வீட்டில் கட்டில் ஒரு இஞ்சு விலகியிருந்தால் வருகிற சுருக்கம்.

'வேண்டாம்மா. இடப்பக்கம் மட்டும் வேண்டாம்மா.'

ஒன்றைக் கீழே தள்ளினாள். நின்றது. ஒன்றை வலப்பக்கம் ஒதுக்கினாள். அதுவும் நின்றது. பின்னால் கட்டியிருந்த கையில் அவருடைய நகம் பதிந்தது. அவள் கடைசியாக இன்னொன்றைத் திறக்கச் சொல்லி அழுத்திவிட்டு, லிஃப்ட் ஏறி வருவதற்குள் கடிகாரத்தைப் பிடித்து, இடது ஓரத்துக்கு ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

திரை உறைந்தது. குட்டி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. மவுஸை அசைத்தாள், தட்டினாள். ஒன்றும் நகரவில்லை. அவள் திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது.

"நான் ஒடச்சிட்டேனாங்க? ஆறு வருஷமா பண்ணினதை நான் ஒடச்சிட்டேனா?"

வழக்கமாவது ஒன்றாவது! அவர் டேப்பைத் தாண்டி ஓடினார்.

"நீ ஒண்ணும் ஒடைக்கலம்மா. ஏற்கெனவே ஓட்டை. நம்ம ரூம்ல மேஜை சுவரோட இருக்குல்ல, என் கை அந்தப் பக்கம் போகாது. அதனால இடப்பக்கம் நான் தள்ளிப் பாத்ததே இல்ல."

அவள் யோசித்தாள். "அந்த மேஜையச் சுவரோட ஒட்டிப் போட்டது நான்தானே?"

"ம்."

"கை இடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா ரூமையே காலி பண்ணச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

அவள் அவர் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் முட்டிகளில் தோல் காய்த்துப் போயிருந்தது. லிஃப்ட் வேலையில் வந்த காய்ப்பு என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.

"வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா மேஜைய இழுத்து நடுவுல போடுவோம்," என்றாள். "இனிமே கதவைச் சாத்தாதீங்க. அந்த லிஃப்ட் மேல வந்து சேர்றத நான் பாக்கணும்."