என் மகள் படிக்கும் அரசுப் பள்ளி

என் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்று ஒரு தாயிடம் பொய் சொன்னேன். அதை நம்பி அவர் தம் மகளைத் தனியார் பள்ளியிலிருந்து நிறுத்தினார்.

சொல்லியாயிற்று. இனி நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை மாறலாம்... மாறட்டும்!

நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியன். விடுமுறை நாட்களில் பட்டிமன்றப் பேச்சாளன். தனியார் பள்ளிகளை ஒழிக்க வேண்டுமா என்று ஆம்பூர்ப் பக்கம் எந்த மேடை கேட்டாலும், ‘ஒழிக்கத்தான் வேண்டும்’ அணியில் எனக்கொரு நாற்காலி உண்டு.

“கலெக்டர் பிள்ளையும் கட்டிங் மாஸ்டர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். உடைந்த பெஞ்ச் அன்று சாயங்காலமே ரிப்பேர் ஆகிவிடும்!” என்பேன். கைதட்டல் அதிரும். கைதட்டலுக்காக மட்டும் சொன்னதில்லை, இன்றைக்கும் நம்புகிறேன். தன் பிள்ளை போகாத பள்ளிக்காக வசதியுள்ளவன் ஏன் சண்டை போடப் போகிறான்?

ஆக, கொள்கையில் பழுதில்லை. அதைப் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கும் ஆளிடம்தான் பழுது.

என் மகள் வேலூரில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். பள்ளி வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை நடந்து பழகட்டுமாம். உடற்பயிற்சியில் எனக்குத்தான் என்ன அக்கறை!

ஏன் அங்கே சேர்த்தேன்? மனைவியைக் கைகாட்டிவிடலாம். ஆனால் விண்ணப்பம் முழுக்க என் கையெழுத்து... பயிற்சி என்றும் கணக்கெடுப்பு என்றும் எத்தனை நாள் வகுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். என்னைப் போன்ற ஓர் ஆசிரியரிடம் என் மகளை ஒப்படைக்க எனக்குப் பயமாக இருந்தது!

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். அப்போது ஆம்பூரை அடுத்த ஒரு கிராமப் பள்ளியில் இருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்ப்பது எங்கள் வழக்கம். முன்னால் மேளம், நடுவில் தலைமையாசிரியை, சேரும் பிள்ளைக்குப் போட மாலையோடு பின்னால் நான்.

அந்த வருடம் ஒரே ஒரு பிள்ளை குறைந்தது. எண்ணிக்கை எட்டாவிட்டால் ஓர் ஆசிரியர் உபரி. அந்தப் பள்ளிக்குக் கடைசியாக வந்தவன் நான். நாட்றம்பள்ளிக்கு அந்தாண்டை எங்காவது தூக்கியடிப்பார்கள். கொள்கைக்காகத்தான் வீடு வீடாக நடந்தேன் என்று நீங்கள் நினைத்திருந்தால், மன்னியுங்கள்.

சுமதி அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஷூ கம்பெனியில் தையல் வேலை. மகள் பவித்ரா ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். என் மகளுக்கும் அதே வகுப்பு.

“உங்க பேச்சைக் கேட்டிருக்கேன் சார். அந்த பெஞ்ச் ரிப்பேர் மேட்டரு! கம்பெனில சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்” என்றவர், சட்டென்று கேட்டார்: “கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க பொண்ணு இன்னா ஸ்கூல்ல படிக்குது?”

தலைமையாசிரியைக்கு உண்மை தெரியும். அவர் மேளக்காரரைப் பார்த்தார்.

“கவர்மெண்ட் ஸ்கூல்தாம்மா. வேலூர்ல.”

எவ்வளவு சுலபமாக வந்தது! மேடையில்கூடத் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தொடங்குவேன்...

“அப்போ செரி சார். வாத்தியார் பொண்ணுக்கே அது போதும்னா, எங்க பொண்ணுக்கு இன்னா கொறைச்சல்?”

பவித்ராவுக்கு மாலை போட்டோம். புகைப்படத்தில் அவளைவிட நான்தான் அதிகமாகச் சிரிக்கிறேன்.

அடுத்த வருடமே கணியம்பாடிப் பக்கம் மாறுதல் கிடைத்தது. வீட்டுக்குப் பக்கம். போய்விட்டேன்! அவளைச் சேர்த்து நான் காப்பாற்றிக்கொண்ட பணியிடம் அந்தப் பள்ளியில் இன்றுவரை காலி. ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கிறது.

பவித்ரா படிப்பில் பின்தங்கியிருந்தால் என் குற்றத்துக்கு ஓர் உருவமாவது கிடைத்திருக்கும். அவள் நன்றாகவே படிக்கிறாள். அது அவள் சாமர்த்தியம். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ள ஒரு கணம் ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு ஆம்பூரில் மறுபடி அதே தலைப்பு. நான் பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: “பேசறவங்க பசங்கள்லாம் எங்க படிக்குதுன்னு மொதல்ல கேளுங்கப்பா!”

நியாயமான கேள்வி. நான் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து சுமதி எழுந்துவிட்டார்.

“எங்க சாரை அப்படிச் சொல்லாதீங்க. அவர் பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூல்லதான் படிக்குது. அதனாலதான் எங்க பொண்ணையே சேர்த்தேன்.”

மண்டபமே கைதட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று கும்பிட்டேன்!

கூட்டம் கலைந்ததும் மேடையோரம் வந்தார். “பவித்ரா ஆறாவது போகுது சார். உங்க பொண்ணு சேர்ற ஸ்கூல்லயே சேர்த்து விட்டுடுங்க. வேலூர்ல எங்க அண்ணன் ஊட்ல தங்கிப் படிக்கட்டும். அத விட்டுட்டு இருக்கறதுதான் கஷ்டம்... இருந்துக்கறேன். நாளைக்கு விட்டு அடுத்த திங்கக்கெழமை லீவு சொல்லிட்டேன். பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறோம். உங்க பொண்ணையும் இட்டுனு வாங்க சார், ரெண்டும் பழகிக்கட்டும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

“சரிம்மா” என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை நாளைதான். ஃபோனில் மூன்று முறை அவர் எண்ணை எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன். கடைசியில் என் மகளைக் கூப்பிட்டேன்.

“நாளைக்கு ஒரு ஆன்ட்டி வருவாங்க. எந்த ஸ்கூல்னு உன்னைக் கேட்டா...” என்று தொடங்கினேன்.

“என்ன சொல்லணும்ப்பா?” என்றாள்.

பதிலுக்காக எதிரிலேயே நிற்கிறாள்.