அண்ணனிடம் எல்லோரும் கேட்ட கேள்வி

"நான் யாருன்னு சொல்லு பாப்போம்?"

ஆறுமுகநேரியிலிருந்து வந்த பெரியப்பா, ஆப்பிள் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அண்ணனிடம் கேட்டார். அண்ணன் அவரையே பார்த்தான். பிறகு, "ஏன், உங்களுக்கு மறந்துபோச்சா?" என்றான்.

வீடே சிரித்தது. "பயலுக்குக் கொழுப்பு குறையல" என்று பெரியப்பாவும் அவன் முதுகில் தட்டினார். ஆனால் அண்ணனின் கை கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அது கிண்டலா, இல்லை ஆள் யாரென்று பிடிபடாததற்கு ஒரு சமாளிப்பா? இப்போதும் எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில்தான் தோன்றியது: எதற்கு இந்தப் பரீட்சை? வருகிறவர்களே யாரென்று சொல்லிவிட்டால் என்ன?

அண்ணனுக்குத் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை. ஹெல்மெட் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஒரு பழக்கம். கேட் வரைக்கும் ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு வரும். கேட்டைக் கண்டதும் தலைக்கு ஏறும். அண்ணன் சறுக்கி விழுந்தது கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

தலைக்குள் ரத்தக்கசிவு, ஆபரேஷன், மதுரை ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு. இப்போது தையல் காய்ந்து முடியும் வளர்ந்துவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுதான் சிக்கலே. காலொடிந்தவனை யாரும் ஓடிக் காட்டச் சொல்வதில்லை.

இதற்கிடையில் அக்கா மகளுக்குக் காதுகுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எங்களுக்கு ஒரே அண்ணன். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் மொத்தமும் வருவார்கள், மேளம் இருக்கும், ஆளாளுக்கு இதே கேள்வியைக் கேட்பார்கள். "பேசாம ஒண்ணுவிட்ட தம்பி மடியில வச்சிரலாம்" என்று பெரியப்பா போகும்போதே சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் காதில் அது விழுந்தது.

மறுநாளிலிருந்து நான் வாசலில் நின்றேன். உள்ளே போகும்போதே யாரென்று சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டேன். பக்கத்துக் கடை அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. "தூக்கி வளத்த பிள்ளைகிட்ட நான் யாருன்னு நானே சொல்லணுமாக்கும்?"

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "ஏளா, வந்தவங்கள வாசல்ல மறிச்சு ஆதார் கார்டு கேக்கியா?"

ஏரல் சித்தி மட்டும் நான் சொன்னபடியே செய்தாள். "ஏரல் சித்தி வந்திருக்கேன்ப்பா." அண்ணன் நிமிர்ந்தான். "ஒங்க வீட்டுக் கெடா என்னாச்சு? இன்னும் எல்லாரையும் முட்டுதா?" சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ தலைகால் புரியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் அவனுடைய ஆபீஸ் நண்பர் வந்தார். அவரும் யாரென்று சொல்லிவிட்டுத் தணிவாகத்தான் பேசினார். அண்ணன் பாதியில் எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஏன்?

பிசியோதெரபிக்கு வருகிறவர், சும்மா விடாமல் பேச்சுக் கொடுங்கள் என்கிறார். பேச்சுப் பயிற்சி தருகிறவரோ, பேச்சுக் கொடுப்பது வேறு, சோதிப்பது வேறு என்கிறார். அந்த மூளை சீக்கிரம் களைத்துவிடும், சத்தமும் கூட்டமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் என்கிறார். இரண்டும் சரி என்றுதான் படுகிறது. எந்த நேரத்துக்கு எது என்பதுதான் விளங்கவில்லை. ராவும் பகலும் போனில் தேடிப் படித்ததில் குழப்பம்தான் கூடியது.

கடைசியில், இத்தனை நாள் செய்யாத ஒன்றைச் செய்தேன். அவனிடமே கேட்டேன். "அண்ணே, பிள்ளைய மடியில வச்சுக்கிடுவியா?"

"மேளம் உண்டா?"

"உண்டு."

"மேளந்தான் முடியாது. பிள்ள முடியும்."

அக்காவுக்குப் போன் போட்டேன். காதுகுத்தை முதலில் முடித்துவிட்டு, அண்ணன் வீடு திரும்பிய பிறகு மேளத்தை வைக்கலாமா என்றேன். "ஊரு என்ன சொல்லும்?" என்றாள். பிறகு அவளே, "சொல்லிட்டுப் போவட்டும்" என்றாள்.

காதுகுத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகைக்காக, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பிள்ளையோடு வருகிறாள். டிவியும் மிக்சியும் ஓடாத நேரமாகப் பார்த்து, பிள்ளையை அவன் மடியில் உட்காரவைத்துப் பார்க்கப்போகிறோம். போதும் என்று அவன் கையைத் தூக்கினால் அக்கா உடனே பிள்ளையை வாங்கிக்கொள்வாள். யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது, நானும்தான். பிள்ளை அலறினால் அவன் என்ன செய்வான் என்பது மட்டும் தெரியவில்லை. அதையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.