கண்ணாடி இல்லாத கதவு

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காததால், பின்புறம் கரி அடுப்பு பொருத்தி அதன் வாயுவில் ஓடும் பழைய கார் ஒன்றைப் போன வருஷம் வாங்கினேன். பின்கதவு ஒன்றில் கண்ணாடி இல்லை. விற்றவரிடம் எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்ட நான், இதைக் கேட்கவில்லை. எங்கள் விழுப்புரத்திலேயே புதுக் கண்ணாடி போட்டு, வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் புறப்பட்டேன். நல்ல மழை. கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டோம். ரயில்வே கேட்டில் வெகுநேரம் நிற்க நேர்ந்தது. எனக்குத் தலை கனத்தது. ஓயாமல் பேசிவந்த மகளின் சத்தத்தைக் காணோம். திரும்பினால், பின்சீட்டில் இருவரும் துவண்டு கிடந்தார்கள். பதறிப்போய் வெளியே இழுத்து, கொட்டும் மழையிலேயே கிடத்தினேன். கால்மணி நேரம் கழித்துத்தான் கண் விழித்தார்கள்.

மறுவாரமே, பதிவுப் புத்தகத்தில் பெயர் இருந்த, எனக்கு விற்றவருக்கும் முந்தைய சொந்தக்காரரைத் திண்டிவனத்தில் தேடிப்பிடித்தேன். நடந்ததைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஒடைஞ்சு போவலீங்க, நாந்தான் கழட்டினேன். கரிவாயு உள்ளயே அடைஞ்சிக்கினு என் சம்சாரமும் இப்படித்தான் மயங்கி உழுந்தா. வாங்கினவருகிட்ட சொல்லித்தான் குடுத்தேன். நீங்க அவருகிட்ட கேக்கலீங்களா?"



அன்றே கண்ணாடியைக் கழற்றினேன். காரணத்தை எழுதிப் பதிவுப் புத்தகத்தோடு தைத்தும் வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் மழை வந்தால் மகள் நனைந்துகொண்டே என்னைத் திட்டுகிறாள். அந்தத் திட்டு காதில் விழுகிறவரை நிம்மதியாக வண்டி ஓட்டுகிறேன்.